நாக்குச் சோதனை

வீட்டிலேயே செய்து மேசையில் அடுக்கியிருந்த நூறு சோப்புகளில் ஒன்றை அவள் எடுத்து, ஈர விரலால் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் வைத்தாள். சுரீர் என்றது. காஸ்டிக் சோடா எண்ணெயோடு சேராமல் மிச்சம் நிற்கிறது. இதைத் தேய்த்துக் குளித்தால் தோல் எரியும்.

“ஏங்க, அஞ்சு லிட்டர் எண்ணெய் அளந்து வெச்சிருந்தேனே, முழுசா ஊத்துனீங்களா?”

“அரை லிட்டர் எங்க அக்கா கேட்டான்னு குடுத்தேன்,” என்றான் கணவன். “அதனால என்ன, குடியா முழுகிப்போச்சு?”

“சோடாவக் குறைக்கலையே! இத யாருக்கும் குடுக்க முடியாது.”

“அம்மா தாயே, இப்ப விடுதி மேனேஜர் வந்துடுவாரு. மாசாமாசம் ஆயிரம் சோப்பு. நீ வாயத் திறக்காத, நான் பேசிக்கறேன்.”

பேச்சில் அவனை ஜெயித்தவர் இல்லை. இராக்காவல் வேலையைக்கூட, பேச ஆளில்லை என்றுதான் விட்டான்.

மேலாளர் வந்தார். முகர்ந்தார். சந்தேகம் கேட்டார்.

“இதுல காஸ்டிக் சோடா போடுவாங்களாமே?”

“சேச்சே! அதெல்லாம் கம்பெனி சோப்புல சார். இது சுத்த இயற்கை. பச்சக் குழந்த வாயில வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. பாருங்க!”

அவள் கையை நீட்டித் தடுப்பதற்குள், குச்சி ஐஸைப் போல அடிமுதல் நுனிவரை நக்கிவிட்டான்.

சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணில் மட்டும் நீர் கோத்தது.

“என்ன சார், பேச்சையே காணோம்?” என்றார் மேலாளர்.

அவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கணவன் கையில் திணித்துப் பின்கட்டுக்குத் தள்ளினாள். கொப்பளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

“சோடா போடாம சோப்பு வராது சார். எண்ணெயோட சேந்து மாறிட்டா அது எரிக்காது. இதுல எண்ணெய் கொறஞ்சுபோச்சு, அதான் எரிக்குது. புதுசா செஞ்சு, காயவெச்சுத் தர ஆறு வாரம் ஆகும். முடியாதுன்னா வேற எடம் பாத்துக்குங்க.”

ஆயிரம் சோப்பும் அதோடு போயிற்று என்றே நினைத்தாள். மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உள்ளதச் சொல்ற ஆள இப்பத்தான் பாக்கறேன். ஆறு வாரம் எடுத்துக்கம்மா. ஆனா அட்டையில மட்டும் ‘சோடா சேர்க்காதது’ன்னு போட்ரு. எங்க விருந்தாளிங்க அதப் பாத்துத்தான் வாங்குவாங்க.”

“அது பொய்யாச்சே சார்.”

“உண்மைய சோப்புல வையி. பொய்ய அட்டையில வையி. யாருக்கும் எரியாது.”

அவள் யோசித்தாள். யார் தோலும் வேகப்போவதில்லை. ஆறு வாரமும் கிடைத்துவிட்டது. தலையாட்டினாள்.

பின்கட்டிலிருந்து கணவன் வந்தான். நாக்கு உள்ளே அடங்கவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது. அட்டை விஷயம் காதில் விழுந்திருக்க வேண்டும். பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்தான்.

அந்த வேலைக்கு நாக்கு வேண்டியதில்லை.