அறுபத்தெட்டுப் பெயர்கள்

அந்த எம்.பி. தொகுதியில் இதுவரைக்கும் யாரும் நிம்மதியாக ஜெயித்தது கிடையாது. மாநிலம் முழுக்க அலை அடித்த வருஷங்களில்கூட அங்கே நுரைதான் வந்து சேர்ந்தது. சுப்புராயன் முதன்முதலாக பூத் ஏஜெண்டாக உட்கார்ந்த தேர்தலில் வித்தியாசம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதில் ஜெயித்தவரே ஐந்து வருஷம் கழித்து அறுநூற்றுச் சொச்சத்தில் தோற்றார். அதற்கடுத்த முறை இரண்டு தரம் எண்ணி, கடைசியில் தபால் ஓட்டில் முடிவானது. எந்த வருஷம், யார், எத்தனை ஓட்டு என்று கேட்டால் சுப்புராயன் யோசிக்காமல் சொல்வார். மந்தைவெளியில் அவர் வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்குச் சந்தேகம் கேட்டுக்கொண்டு எதிர்க்கட்சிக்காரர்களும் வருவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

முப்பது வருஷமாக அவருடைய பூத் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு அறை. ஆற்றங்கரையில் இருந்த ஓடைமேட்டுக் குடிசைக்காரர்களுக்கு அங்கேதான் ஓட்டு. தாயம்மா அந்த ஓடைமேட்டில் இட்லிக் கடை போட்டிருந்தவள். ஓட்டுப் பதிவு அன்றைக்கு விடிந்ததும் தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்து, எந்தக் கட்சி என்று பார்க்காமல் எல்லா ஏஜெண்டுகளுக்கும் பொட்டலம் கொடுத்துவிட்டு, வரிசையில் முதல் ஆளாக நிற்பாள்.

பெரிய வெள்ளம் வந்து போன பிறகு ஓடைமேட்டைக் காலி செய்தார்கள். படப்பைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில் வீடு என்று சொல்லி லாரியில் சாமானை ஏற்றினார்கள். அப்போது சுப்புராயனின் கட்சிதான் ஆட்சியில் இருந்தது. பெண்கள் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சமாதானம் பேச அவரைத்தான் அனுப்பினார்கள்.

"வீடுதானே அக்கா போகுது? உங்க ஓட்டு இங்கதான் இருக்கும். அத எவனாலயும் எடுக்க முடியாது. அத வச்சுக் கேள்வி கேளுங்க" என்று தாயம்மாவிடம் சொன்னார். சொன்னபோது நம்பித்தான் சொன்னார். அவள் எழுந்து மற்றவர்களையும் எழுப்பினாள்.

அடுத்த தேர்தலில் அவர்கள் கேள்வி கேட்டார்கள். தாம்பரத்தில் பஸ் மாறி, குழந்தைகளோடு வந்து வரிசையில் நின்று போட்டார்கள். அந்த பூத்தில் கட்சி முதல் தடவையாகப் பின்தங்கியது. தொகுதியும் முந்நூற்று நாற்பதில் போயிற்று.

வட்டச் செயலாளர் தமிழ்மாறன் அதை மறக்கவில்லை. இந்தத் தேர்தலுக்கு நாலு மாதம் முன்னால் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். ஓடைமேட்டுக்காரர்கள் அறுபத்தெட்டுப் பேர்.

"அண்ணே, குடியிருக்கறது அங்க, ஓட்டு மட்டும் இங்க. சட்டப்படியே தப்பு. ஏழாம் நம்பர் ஃபாரம் போட்டு லிஸ்ட்லேர்ந்து பேரத் தூக்கிடுங்க. எல்லா பூத்துலயும் இதான் பண்றோம்."

"அங்கயும் இவங்க பேரு சேக்கல தமிழ்மாறா. இங்க எடுத்துட்டா எங்கயுமே இருக்காது."

"அது அவங்க பாடு. வித்தியாசம் இங்க எவ்ளோல நிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சுப்புராயன் தாளை வாங்கிக்கொண்டார். ஒரு ஏஜெண்ட் ஒரு நாளைக்குப் பத்து ஃபாரம்தான் கொடுக்கலாம். ஏழு நாளில் கொடுத்து முடித்தார். ஆட்சேபணை தெரிவிப்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாயம்மாவுடையது நான்காம் நாள் வந்தது. மற்றதைப் போலவே அதையும் எழுதினார். விசாரணை நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கும். அங்கே இப்போது நடைபாதையும் கம்பி வேலியும்தான் இருக்கின்றன. வாங்க ஆள் ஏது?

ஓட்டுப் பதிவு நாளில் பதினோரு மணிக்குத் தாயம்மா வந்தாள். இட்லி இல்லை. கசங்காத புடவை, கையில் வாக்காளர் அட்டை. முதல் மேஜையில் இருந்த அதிகாரி பட்டியலைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார்.

"உங்க பேரு இல்லம்மா."

"நல்லாப் பாரு நைனா. முப்பது வருசமா இங்கதான் போட்டுக்கினு கீறேன்."

"நீக்கியிருக்காங்கம்மா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, தள்ளுங்க."

அவள் ஏஜெண்டுகளின் பெஞ்சைப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"இன்னா சுப்பு, நீ குந்திக்கினு கீற, பேச மாட்டேன்ற? நான் யாருன்னு சொல்லு இவராண்ட."

சுப்புராயனின் கையில் பென்சில் இருந்தது. மடியில் பட்டியல் விரிந்திருந்தது. அதைப் பார்த்தபடியே, "லிஸ்ட்ல இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது அக்கா" என்றார்.

எதிர்க்கட்சி ஏஜெண்ட் குலாம் முகம்மது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்ச். அவர்தான் எழுந்து, "சார், கார்டு இருக்கே, இந்தம்மாவ எனக்கும் தெரியும்" என்று வாதாடினார். பட்டியலில் பெயர் இல்லாமல் அட்டை செல்லாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். வரிசையில் யாரோ, "கள்ள ஓட்டு போல" என்றார்கள். தாயம்மா அட்டையை முந்தானையில் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டு வெளியே போனாள். குலாம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய்வந்தார். வந்து பெஞ்சின் மறுகோடியில் தள்ளி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்த நாலைந்து ஓடைமேட்டுக்காரர்களும் அப்படியே திரும்பிப் போனார்கள்.

கட்சி நூற்று எழுபத்தொரு ஓட்டில் ஜெயித்தது.

கல்யாண மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். மேடை ஏறுவதற்கு நின்றுகொண்டிருந்தபோது மற்ற ஏஜெண்டுகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் பூத்தில் ஐம்பத்திரண்டு பேரை எடுத்ததாகச் சொன்னார். இன்னொருவர் எழுபத்தைந்து. அதுவரை சுப்புராயன், என்னுடைய அறுபத்தெட்டைக் கழித்தாலும் ஜெயம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மனசு அதுவாகவே கூட்டிவிட்டது. நூற்றுத் தொண்ணூற்றைந்து. வித்தியாசத்தைத் தாண்ட மூன்று பூத்தே போதும்.

புது எம்.பி. அவருக்குச் சால்வை போர்த்தி, "இந்தத் தொகுதியோட சரித்திரமே இவர் தலைக்குள்ள இருக்கு" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கு நிற்காமல் வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெயர் சேர்ப்பதற்கான ஆறாம் நம்பர் ஃபாரங்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு கிளம்பினார். தாம்பரத்தில் பஸ் மாறும்போதே முழங்கால் வலித்தது. அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடி.

கதவைத் திறந்தது மருமகள் பொன்மணி. அவரைப் பார்த்ததும் விலகாமல் அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து தாயம்மா, "யாரு, சுப்புவா? உள்ள வரச் சொல்லு" என்றாள்.

அவர் உட்காரவில்லை. தாயம்மாவே பேசினாள்.

"யாரு எட்த்தாங்கன்னு பொன்மணி போன்ல தேடிப் பாத்தா. சுப்புராயன்னு பேரு போட்டுக்கீதுன்னா. ஊர்ல ஒரு சுப்புராயன்தானா, அது வேற ஆளா இருக்கும்னு சொன்னேன்."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு ஆள் என்று அவர் சொன்னால் நம்பிவிடுவாள்போல இருந்தது.

"நான்தான் அக்கா" என்றார். "உன்னுது மட்டும் இல்ல. ஓடைமேட்டுல அறுபத்தெட்டுப் பேருது."

பொன்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாயம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வூட்ட இடிச்சப்போ எனக்குக் கோவந்தான் வந்துச்சு. வெக்கமா இல்ல. அன்னிக்கு ஸ்கூல்ல அத்தினி பேரு எதிர்க்க, திருட்டு ஓட்டு போட வந்தவ மாதிரி நின்னேன் பாரு. பஸ்ஸுல வர வழியெல்லாம் தலைய நிமித்தல. இங்க பொன்மணியத் தவுர யாராண்டயும் சொல்லல. ஓட்டு போட்டுட்டேன்னே சொல்லிக்கீறேன். எல்லாம் தெரிஞ்சுக்கினே குந்திக்கினு இருந்தியே சுப்பு."

"தப்புதான் அக்கா." ஃபாரத்தை எடுத்து, "இந்த முகவரிக்கே பேர் சேத்துடலாம். நானே எழுதித் தரேன்" என்றார்.

"குட்த்துட்டுப் போ. பொன்மணி எழுதுவா. உன் கையால வோணாம்."

"மத்தவங்களுக்கும் சொல்லணும்."

"நான் சொல்ல மாட்டேன். உன் வாயால நீ போய்ச் சொல்லு."

கீழ்மாடியில் ஆட்டோ ஓட்டுகிற முருகன் இருந்தான். தேர்தலன்று சவாரி விட்டு வரமுடியாததால் பெயர் போனதே அவனுக்குத் தெரியாது. ஃபாரக் கட்டைப் பார்த்ததும், "ஃபாரம் குடுக்க இம்மாந்தூரம் வந்தீங்களா தலைவரே? இந்தக் காலத்துல யாரு வருவாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மனைவியை மோர் கொண்டுவரச் சொன்னான். சுப்புராயன் அந்த மோரைக் குடித்தார். ஃபாரத்தைக் கொடுத்தார். வந்த காரியத்தைச் சொல்லாமலே படி இறங்கினார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவர் செய்தது முழுசாக உறைத்தது. பெயரை எடுத்ததைவிட, அந்த நன்றியை வாங்கிக்கொண்டது கேவலமாக இருந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை நேராக முருகன் வீட்டுக்குத்தான் போனார். வாசலிலேயே நின்று சொல்லி முடித்தார். முருகன் கேட்டான். திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினான். அடுத்த வீட்டில் திட்டினார்கள். அதற்கடுத்த வீட்டில் ஒரு கிழவர், எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். எழுதிக் கொடுத்தார்.

எதற்கு அங்கே போகிறீர்கள் என்று தமிழ்மாறன் இரண்டு தடவை ஃபோன் பண்ணினார். மூன்றாவது தடவை, இனி பூத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சுப்புராயன் வைத்துவிட்டார்.

ஆறு ஞாயிறு போய் வந்ததில் நாற்பத்தொரு பேரிடம் சொல்லியிருந்தார். மூன்று பேர் இறந்திருந்தார்கள். பாக்கி இருபத்துநாலு பேர் வாடகைக்கு எங்கோ போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

போகிற நாளிலெல்லாம் ஐந்தாவது மாடிக்கும் ஏறினார். கதவு திறந்துதான் இருந்தது. தாயம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டோ, டி.வி. பார்த்துக்கொண்டோ இருப்பாள். அவர் வாசலில் நிற்பதைப் பார்ப்பாள். வா என்றும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை.