இரண்டு நிலா நாட்டுத் துறைமுகம்

இஷ்பெலின் கப்பல் நான்கு மாதமாகத் துறைமுகத்தை விட்டு நகரவில்லை.

'விடியற்காலையில் கப்பல் கிளம்பியது' என்று தன் கதைக்கு முதல் வரி எழுதியிருந்தாள். அதோடு சரி. கதை நடக்கும் மாய நாட்டுக்கு அவள் இரண்டு நிலா வைத்திருந்தாள். ஸ்காட்லாந்தின் வடகோடியில், விக் துறைமுகத்துக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவளுக்கு, கடல்நீர் ஏறாமல் கப்பல் கிளம்பியது என்று எழுதக் கை வருமா? நிலாவைப் பொறுத்துத்தானே கடல் ஏறுவதும் வற்றுவதும்; இரண்டு நிலாவுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கதை தொடங்கும் நாளின் விடியலில் துறைமுகம் வெறும் சேறு. நாளை மாற்றினால் திருவிழா தள்ளிப்போகும். திருவிழா தள்ளிப்போனால் ராஜா சாகமாட்டான்.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது என்பதால் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்போது ஒரு சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். கட்டிலுக்கடியில் மீன்பெட்டியில், அந்த மாய நாட்டைப் பற்றி எழுதிய ஒன்பது நோட்டுகள். நூலகர் எஃபிக்கு மட்டும் தெரியும். நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் எழுத்தாளர் குழுவில் சேர வேண்டுமென்றால் முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்ட வேண்டும். இந்த வியாழனுக்கு இஷ்பெல் பெயரை எஃபி எழுதிவிட்டாள்.

புதன்கிழமை, அண்ணன் ஸ்ட்ரூவன் மீன்பெட்டி தேடி வந்து நோட்டுகளைப் பிடித்துவிட்டான்.

"என்னடி இது, பதினேழு ராஜா! நம்ம கொள்ளுத்தாத்தா பேரு தெரியுமா உனக்கு?"

"கீழ வை."

"உப்பு வெல, ஆட்டுக்கு வரி... எல்லாம் இருக்கு. கதை எங்கடி?"

அவள் பிடுங்கப் பாய்ந்தாள். அவன் கையை உயர்த்திக்கொண்டு அடுத்த பக்கத்தைப் பார்த்தான். நண்டுப்படகுக்காரன் அல்லவா, சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த நீர்க்கணக்கு யாரு போட்டது?"

"நான்தான்."

"சரியாத்தான் இருக்கு. அப்போ கப்பல் போகாது. சேத்துல கெடக்கும். சமையக்காரன் எல்லாரையும் திட்டுவான். போன வாரம் எங்க படகுல நடந்தது கேளு..."

"எனக்கு அதெல்லாம் வேணாம். கப்பல் போகணும்!"

"மகாராணி சொன்னா கடல் ஏறிடுமாக்கும்!"

அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஆத்திரத்தில் முதல் வரியை அடித்துவிட்டு, 'கப்பல் கிளம்பவில்லை' என்று எழுதினாள். சமையல்காரன் திட்டினான். கப்பலில் பாத்திரம் கழுவ வந்த பெண் ஒருத்தி கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கம் ஆயிற்று. அதற்குமேல் பேனா நகரவில்லை.

வியாழனன்று ஏழு பேர் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கொஞ்சம் சத்தமா, கண்ணு," என்றாள் எஃபி.

சமையல்காரனின் திட்டு வந்த இடத்தை இஷ்பெல் முணுமுணுத்துக் கடந்தாள். அப்படியும் ஒருவர் சிரித்துவிட்டார். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று அவளுக்குக் காது சுட்டது. முடித்ததும் எஃபிதான் கேட்டாள்.

"அப்புறம்? அந்தப் பொண்ணு சேத்துல எறங்கினாளா?"

"தெரியலைங்க."

"அப்போ அத்தியாயம் முடியலையே. உனக்காகக் குழு விதிய மாத்த முடியாது. முடிச்சுட்டு அடுத்த வியாழன் வா."

இஷ்பெல் வாசலைக் கடக்கும்போதே கண் எரிந்தது. அந்த நாட்டில் ஆட்டுக்கு என்ன வரி என்று தெரியும். மூன்றாம் ராஜாவின் தாய் பெயர் தெரியும். ஒரு பெண் சேற்றில் இறங்குவாளா என்று கேட்டால் தெரியாது. ஒன்பது நோட்டு!

துறைமுகத்தில் நீர் வற்றியிருந்தது. சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏணியில் இறங்கிச் சேற்றில் ஒரு காலை வைத்தாள். முழங்கால்வரை உள்ளே போயிற்று. இழுத்தாள். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

நூலகத்தில் விழுங்கிய சமையல்காரனின் திட்டு அத்தனையும் அப்போது வாய்விட்டு வந்தது. மேலே வலை அலசிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அது, இந்த வாயி?"

அவள் ஏணியைப் பிடித்து மேலேறினாள். ஒற்றைப் பூட்ஸோடு வீட்டுக்கு நடந்தாள். கதையில் அந்தப் பெண் சேற்றில் இறங்கினாள், ஒரு செருப்பைத் தொலைத்தாள். அதுவரை தெரிந்துவிட்டது.