எல்லவில் ஒரு கனடாக்காரி

பேலியகொடைச் சந்தையில் பாரைமீன் விற்கிறவன்கூட என்னைக் கண்டால் விலையைக் குறைத்துத்தான் வாயைத் திறப்பான். அப்படிப்பட்ட என்னை ஒரு சுற்றுலா ஊர் ஏமாற்றிவிடுமா? அந்தத் தைரியத்தில்தான் லவினாவை மலைநாட்டு எல்லவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

லவினா என் சித்தப்பாவின் மகள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் பிறந்து, பத்து வயதில் கனடா போனவள். இருபது வருஷம் கழித்து இப்போதுதான் வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து ஒரே மனக்குறை. த்ரீவீல்காரர் "மேடம்" என்கிறார், கடைக்காரர் இங்கிலிஷில் கதைக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அழுதேவிட்டாள்.

"நான் இங்க பிறந்தனான், நேசமக்கா. போறதுக்குள்ள ஒரு ஆளெண்டாலும் என்னை இங்கத்த பிள்ளையா நினைக்காதா?"

"அழாத. எல்லவில சாப்பாட்டுக்கு ரெண்டு விலை. வெளிநாட்டு ஆக்களுக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு. எங்கட விலைக்கு உன்னைச் சாப்பிட வைக்கிறன் பார்" என்று வாக்குக் கொடுத்தேன்.

என் பழைய பூப்போட்ட கவுனை அவளுக்குப் போட்டுவிட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னினேன். அவள் கொண்டுவந்த சப்பாத்து, தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் சும்மா கிடப்பானேன் என்று நான் போட்டுக்கொண்டேன்.

"காணுற ஆக்களுக்கெல்லாம் சிரிக்காத. கடையில நான் கதைப்பன், நீ வாயைத் திறக்காத."

எல்லவின் பெரிய தெருவில் கடைக்குக் கடை இங்கிலிஷ் பலகை. ரொட்டிக்குள் ஒரு வாழைப்பழத்தைச் சுருட்டி வைத்துவிட்டு அரைநாள் சம்பளம் கேட்கிறார்கள். அந்த ரொட்டியைக் கண்டுபிடித்தவனைப் புதுக்கடைக் கோர்ட்டில் ஏற்ற வேண்டும்! நான் சிங்களத்தில் விலை கேட்டேன், அவர்கள் இங்கிலிஷில் பதில் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னாலதான் அக்கா. பாத்த உடனயே தெரியுது" என்றாள் லவினா. முகம் வாடிவிட்டது.

"பேசாம நட. பஸ் டிரைவர்மார் எங்க சாப்பிடுறாங்களோ, அங்கதான் எங்களுக்கும் சோறு."

பஸ் திருப்புகிற இடத்தில் தகரக்கூரை போட்ட சின்னக் கடை ஒன்று இருந்தது. உள்ளே இரண்டு கொண்டக்டர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பருப்பு, பலாக்காய்க் கறி, கருவாடு, வல்லாரைச் சம்பல். வாசனையே பாதி வயிற்றை நிரப்பியது. வாட்டசாட்டமான ஒரு சிங்களப் பெண்தான் கடைக்காரி. இரண்டு சாப்பாடு என்று சிங்களத்தில் சொன்னேன்.

"மேடம், யுவர் சிங்களம் வெரி குட்!" என்று என் முன்னால் முள்ளுக்கரண்டியை வைத்தாள். என் பிளேட்டைக் காட்டி "நோ ஸ்பைசி" என்று வேறு சொன்னாள். கறி வெளிறிப்போய்க் கிடந்தது.

லவினாவுக்குக் கரண்டி இல்லை. லஞ்ச் ஷீட் விரித்த பிளேட்டில் சோறு குவிந்திருந்தது. அவள் பருப்பைக் குழைத்து, மூக்கு ஒழுக ஒழுக, தலை நிமிராமல் சாப்பிட்டாள். கடைக்காரி கேட்காமலே இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

"கன்ன நங்கி, கன்ன."

சாப்பிடு தங்கச்சி, சாப்பிடு. லவினா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் என் உப்புச்சப்பில்லாத சோற்றையும் மிச்சம் வைக்காமல் விழுங்கினேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது, கடைக்காரி என்னைக் கண்ணால் காட்டி லவினாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"மே நோனா கொஹெந்த?" இந்த மேடம் எந்த ஊர்?

நான் வாயைத் திறக்க முதல், ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களத்தில் லவினா சொன்னாள்:

"கெனடாவென், அக்கே."

கடைக்காரி அவளுக்கு ஒரு விலை சொன்னாள், எனக்கு வேறொரு விலை சொன்னாள். பேரம் பேச நாக்குத் துடித்தது. லவினா வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டு, "தேங்க் யூ, வெரி நைஸ்" என்றேன்.