சோஃபியா என்ற பெயர்

சாந்தோமில் ஃப்ளோரா தைத்த குழந்தைகள் கவுன்களுக்கு ‘சோஃபியா’ என்று பெயர். அது அவளுடைய ஒரே மகளின் பெயர். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவனை இழந்தவள், தையல் மிஷினை நம்பித்தான் மகளை வளர்த்தாள். கவுன்களைத் தி.நகர் கடைகளில் போட்டுவந்தது அவள் தம்பி கிளிஃபர்ட். கழுத்துப்பட்டியில் வைத்துத் தைக்கும் லேபிளுக்குக் குடை பிடித்த குருவி ஒன்றை வரைந்து கொடுத்தது சோஃபியாதான், மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. அடுத்த மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து அந்தப் பிள்ளை போய்விட்டாள்.

படுத்த ஃப்ளோரா வெகுநாள் எழுந்திருக்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்ததும், ஆள் போட்டுத் தைத்து ஆர்டர்களைக் காப்பாற்றியதும் கிளிஃபர்ட்தான். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. ஆனால் அவள் மறுபடி மிஷினில் உட்கார்ந்த பிறகு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் பெரிய யூனிட் போட்டு, நைலானில் மொத்தமாகத் தைக்கலாம் என்றான் அவன். பருத்தியை விடமாட்டேன் என்றாள் அவள். பேச்சு தடித்து, அவன் தனியே போனான்.

தொண்ணூற்றாறில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ‘சோஃபியா’ என்பது கிளிஃபர்ட் பதிவு செய்த வணிகப் பெயர், அதையும் குருவிப் படத்தையும் ஃப்ளோரா இனிப் பயன்படுத்தக் கூடாது என்று.

அதை எடுத்துக்கொண்டு லஸ்ஸில் இருந்த வக்கீல் நீரஜாவிடம் போனாள். நீரஜா விசாரித்துவைத்து, அடுத்த முறை சொன்னாள்.

“பதிவுக்கு எப்ப மனு போட்டிருக்கார் தெரியுமா? உங்க பொண்ணு தவறின வருஷமே.”

“நான் படுத்துக் கெடந்தப்பவா, மேடம்?”

நீரஜா தலையசைத்தாள். பிறகு, “பதிவு பண்ணிட்டா மட்டும் எல்லாம் முடிஞ்சிடாது. அந்தப் பேர்ல முதல்ல வித்தது யாருன்னு கோர்ட் பாக்கும். ஆனா கடைங்களுக்குக் கொடுத்த பில் எல்லாம் தம்பி பேர்ல இருக்கு. வியாபாரமே என்னோடதுன்னு சொல்லுவார். போராடலாம், இழுக்கும். படம் வேற விஷயம். வரைஞ்ச அன்னைக்கே வரைஞ்சவங்களுக்கு உரிமை வந்துடும். எங்கயும் பதிய வேண்டியதில்ல. அது உங்க பொண்ணோட காப்பிரைட். அவளுக்கப்புறம் உங்களது” என்றாள்.

“மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக் கூடவா?”

“வயசே கணக்கில்லம்மா.”

“அவளுக்குன்னு ஒண்ணுமே சேத்து வைக்கலன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றாள் ஃப்ளோரா.

பதில் நோட்டீஸ் போயிற்று. கிளிஃபர்டின் தரப்பிலிருந்தும் பதில் வந்தது. குருவியைத் தான் காசு கொடுத்து ஓர் ஆர்ட்டிஸ்டை வைத்து வரையச் செய்ததாக எழுதியிருந்தான். பெயரை எடுத்துக்கொண்டதைக்கூடத் தாங்கிக்கொண்டவள், இதைத் தாங்கவில்லை. அவனை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

நீரஜாவின் ஆபீசுக்கு அவன் வந்தான். இளைத்திருந்தான்.

“குருவியை யார்டா வரைஞ்சது?”

“வக்கீல்தான் அப்டி எழுதணும்னாரு.”

“நான் வக்கீலைக் கேக்கல.”

அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். “பாப்பாதான். என் மடியில ஒக்காந்துகினுதான் வரைஞ்சுது.” முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். “நான் திருடலக்கா. நீ எய்ந்திருப்பேன்னே எனக்குத் தோணல. வேற எவனாவது பேரைப் போட்டுக்குவான்னு கடைக்காரர் சொன்னாரு. அதான் என் பேர்ல பதிஞ்சேன். இப்ப அந்தப் பேரை நம்பி பேங்க்ல லோன் வாங்கிக்கீறேன். உட முடியாது.”

அவன் வெளியே போய் நின்றபோது, பெயருக்காகவும் வழக்குப் போடலாம் என்றாள் நீரஜா. “ஆனா கூண்டுல நிக்க வச்சு அந்த வருஷத்தைப் பத்திதான் கேப்பாங்க. பொண்ணு எப்ப தவறினா, எத்தனை மாசம் படுத்திருந்தீங்க, அப்ப வியாபாரத்தை யார் பாத்தாங்க, எல்லாம்.”

“தெரியாத ஆம்பளைங்க முன்னாடி அவ சாவைப் பத்தி என்னால பதில் சொல்ல முடியாது, மேடம். படம் வந்தா போதும்.”

ஒப்பந்தம் எழுதினார்கள். படம் அவளுக்கு, பெயர் அவனுக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு ஃப்ளோரா தம்பியைப் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நைலான் வேணாண்டா. குழந்தைங்க உடம்புல குத்தும். அவ பேரைப் போட்டு அதைத் தைக்காத.”

கிளிஃபர்ட் சரி என்று தலையாட்டினான். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாண்டி பஜாரில் வரிசையாகத் தொங்கிய சோஃபியா கவுன்கள் எல்லாமே நைலான்.

தை பிறந்ததும், குருவிப் படம் மட்டும் வைத்துத் தைத்த, பெயரில்லாத கவுன்களைப் பையில் போட்டுக்கொண்டு ஃப்ளோரா அடையாறில் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் அக்பர் பாஷா துணியைத் தடவிப் பார்த்தார், தையலைத் திருப்பிப் பார்த்தார். எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

“பேர் என்னம்மா போடறது? பேர் இல்லாத சரக்கைக் கேட்டு வாங்க மாட்டாங்க.”

அவள் யோசித்தாள். பூக்களின் பெயர், புனிதர்களின் பெயர் என்று எதை நினைத்தாலும் மனம் ஒட்டவில்லை.

“வேற பேர் வர மாட்டேங்குது, பாய்” என்றாள்.

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “உக்காருங்கம்மா, என்னன்னு சொல்லுங்க” என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.