படியாத சேறு

ராஜதாஸ் லாஞ்ச் படகேறிப் பேர்ஷ்யாவுக்கு வேலை தேடிப் புறப்பட்ட அன்று, கள்ளிக்காடு ஊருக்கு அப்பால் உள்ள குடிநீர்த் தொட்டியில் சேறு அடியில் படிவதை நிறுத்திக்கொண்டது. ஆற்றின் கலங்கல் நீர் அந்தத் தொட்டியில் அசையாமல் கிடந்தால் மண் கீழே இறங்கும், தெளிந்தது குழாய்க்குப் போகும். இறங்கிய சேற்றைப் பெருக்கி வாருவது ராஜதாஸின் பெண்டாட்டி நேசத்தின் வேலை. குடியிருந்த பத்து சென்ட்டுக்குப் பட்டயம் கிடைத்த வருஷம் அது. சொந்த மண் கைக்கு வந்த வேகத்தில் அதை ஈடு வைத்துவிட்டுக் கடல் கடக்கும் பைத்தியம் அப்போது பலருக்கும் பிடித்திருந்தது.

தொட்டியின் ஓவர்சியர் சதானந்தன் விடவில்லை. படிகாரத்தைக் கூட்டினார், குறைத்தார், சுண்ணாம்பு கலந்தார். வேகமாக வந்தால் மண் தங்காது என்று வால்வை முக்கால்வாசி அடைத்தார். காற்று அலைக்காமல் ஓலைத்தட்டி கட்டினார். குளிர்ந்த நீரில் மண் மெதுவாகத்தான் இறங்கும் என்று கோடைவரை பொறுத்தார். மீனமாத வெயிலில் மண் திரண்டு, பாதி ஆழம்வரை வந்து, யோசிப்பதுபோல் நின்றுவிட்டது. கடைசியில் நேசத்தின் வீட்டுக்கே போனார். அங்கே தூசி கணுக்கால் அளவு கிடந்தது. தூரம் போனவன் கரையேறிய தகவல் வரும்முன் பெருக்கினால் அவனையும் பெருக்கித் தள்ளியதாகும் என்று அந்தப் பக்கத்தில் நம்பினார்கள்.

“ஒருக்கா எறங்கித் தூத்திப் பாரு மக்கா. ஊரே கலக்கத்தண்ணி குடிக்குது.”

“அவிய கரை எத்தினாவண்ணு தகவல் வரட்டு சாரே. அதுவரை வெளக்குமாத்தத் தொடமாட்டேன் ஆக்கும்.”

மற்ற வீடுகளுக்குக் கடிதம் வந்தது, வாசனை சென்ட் வந்தது, ரேடியோ வந்தது. நேசத்துக்கு ஒன்றும் வரவில்லை. பாவம், அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? ஊர் ஆறு வருஷம் வேட்டித்துணியில் வடிகட்டிக் குடித்தது.

ஏழாம் வருஷக் கர்க்கடக மாத மழையில், ஆறு செங்கலங்கலாகப் பாய்ந்த ஒரு மத்தியானம், தொட்டிச் சேறு முழுவதும் ஒரே மூச்சில் இறங்கியது. படிகாரக் கணக்கு பலித்துவிட்டது என்று சதானந்தன் துள்ளினார். நேசம் படியிறங்கிப் பார்த்தாள். அடியில் கிடந்தது செம்மண் இல்லை, கிளிஞ்சல் கலந்த வெள்ளை மணல். ஒரு துளி நாக்கில் வைத்தாள், கரித்தது. லாஞ்ச் எந்தக் கரையையும் தொடவில்லை, இத்தனை காலம் நீரில் அலைந்தவன் இன்றுதான் கடலடியில் படுத்தான் என்று அவளுக்கு விளங்கியது.

“தகவல் வந்தாச்சு சாரே,” என்றாள். நெஞ்சு வெடிக்க அழுதாள். பிறகு தொட்டியைப் பெருக்கினாள், வீட்டுக்குப் போய் வீட்டையும் பெருக்கினாள்.

அன்றிலிருந்து குழாயில் தெளிந்த நீர் வந்தது, லேசாகக் கரித்தது. அந்தக் குழாய் போன வெள்ளறடைப் பக்கத்து வீடுகளில் கஞ்சிக்கு உப்பைக் குறைத்துப் போட்டார்கள்.