தெரியலை, அப்புறம் பார்க்கலாம்

ஒரு பட்டனுக்காகவா இவ்வளவு யோசிக்கிறேன் என்று தோன்றியது அவளுக்கு. கேள்விப்பட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எதிரே மேலாளர் அவள் பதிலுக்காகக் காத்திருந்தார். கண்ணாடி அறை, மேசைமேல் ஆறிப்போன இரண்டு காபி. அவர் சொன்ன செய்தி இனிப்பானதுதான். ஓய்வு நேரத்தில் விளையாட்டாக அவள் உருவாக்கிய, படங்களில் இருப்பதைப் பார்த்துக் குறி போடும் இணையதளத்தை அலுவலகமே எடுத்து நடத்தும். அவள்தான் பொறுப்பு. ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் வருகைப்பதிவு மென்பொருளுக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிடலாம்.

"அந்த 'தெரியலை' பட்டனை மட்டும் எடுத்துடுங்க," என்றார் மேலாளர். "குறி போடுறவங்க யோசிக்கச் சோம்பல்பட்டு அதையே அழுத்திட்டுப் போறாங்களாம். நம்மகிட்ட வாடிக்கையா வரப் போற கம்பெனி இதுல ரொம்பப் பிடிவாதம்."

அவள் மனசு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டது.

அக்காவுக்கு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று வருடம் முன்புவரை, பெரிதாக்கி எடுத்த விதைப் படங்களை அச்சிட்டு, உடைந்தது, பூஞ்சை பிடித்தது, நல்லது என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை உட்கார்ந்து ஒரு இணையப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். விதையைச் சுற்றி மவுஸால் பெட்டி இழுக்க வேண்டும், மூன்று பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாளே அக்காவிடமிருந்து போன் வந்தது; அவளுக்குத் தங்கை எப்போதும் 'கொசு'தான். "கொசு, உன் பெட்டி என்னைக் கண்டா ஓடுதுடி. போடப் போடக் காணாமப் போகுது."

"நீ என்னத்தப் பண்ணித் தொலைச்சே?"

போய்ப் பார்த்தால், அக்கா இடக்கையால் கீழ் வலது மூலையில் தொடங்கி மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தாள். தங்கையோ மேல் இடது மூலையில் தொடங்குபவர்களுக்காக மட்டுமே எழுதியிருந்தாள். சாப்பிடும்போதெல்லாம் அந்த இடது முழங்கையோடு இடித்துச் சண்டை போட்டு வளர்ந்தவள்தான். அதெப்படி மறந்தது?

அது சிரித்துத் தீர்ந்தது. அடுத்த தவறு தீரவில்லை.

ஒரு நாள் படங்களில் விதைகளின் ஓரமெல்லாம் சாம்பல் நிறம். பூஞ்சையா, வேறு ஏதாவதா? இருப்பதோ மூன்றே பட்டன். ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த படம் வரும். அக்கா 'பூஞ்சை' அழுத்தினாள். யாரோ ஒரு விவசாயியின் மொத்த விதையும் ஒதுக்கப்பட்டது. படமெடுக்கும் மேசையில் விளக்கு தள்ளி நின்றதும், அத்தனையும் வெறும் நிழல் என்பதும் பிறகுதான் தெரிந்தது. விதை தேறியது. விதைக்கும் பருவம் போயிருந்தது.

அக்கா தங்கையைத் திட்டவில்லை. இரண்டு நாள் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்றாள் கடைசியில். "அதைச் சொல்ல அதுல இடமில்லடி."

அந்த மேசையிலேயே உட்கார்ந்து தங்கை நாலாவது பட்டனை வைத்தாள். அதன்மேல் அக்கா எப்போதும் சொல்லும் வார்த்தைகளையே எழுதினாள்: 'தெரியலை, அப்புறம் பார்க்கலாம்.' அதை அழுத்திய படங்கள் தனியே சேர்ந்து இன்னொருவர் பார்வைக்குப் போகும்.

அக்காவின் பக்கத்து இருக்கைக்காரி தனக்கும் வேண்டுமென்றாள். பாலங்களில் விரிசல் பார்க்கும் அவள் கணவர் கேட்டார். பல் மருத்துவர் ஒருவர், பறவை எண்ணும் ஆசிரியை ஒருவர் என்று ஆள் ஆளாய்ச் சேர்ந்து, இன்றைக்கு முகம் தெரியாத நாலாயிரம் பேர் அதில் பெட்டி இழுக்கிறார்கள்.

விஷயத்தைக் காலையிலேயே அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

"எடுத்துத் தொலையேன்டி. எனக்காக வெச்சதுதானே? எனக்கு இப்போ கண்ணு நல்லாப் பழகிருச்சு. நான் அதைத் தொடுறதே இல்ல."

பச்சைப் பொய். நேற்று மட்டும் அக்காவின் கணக்கிலிருந்து பதினோரு 'தெரியலை' வந்திருந்தன. தங்கைக்காக அக்கா பொய் சொல்லும்போது குரல் கொஞ்சம் அதட்டலாகிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கடைசித் துண்டு கேக்கைத் தள்ளிவிட்டு 'எனக்குப் பிடிக்காது' என்பாளே, அதே அதட்டல்.

"என்ன, யோசனை பலமா இருக்கு?" என்றார் மேலாளர். "இது உங்களுக்கு எவ்வளவு நல்ல வாய்ப்புன்னு புரியுதில்ல?"

"புரியுது மேடம்."

"அப்புறமென்ன? ஒரு பட்டன்தானே."

மறுபடியும் அந்த வருகைப்பதிவு. இன்னும் எத்தனை வருடமோ. ஆனாலும் குரல் பிசிறாமல் வந்தது.

"அதை எடுக்க முடியாது மேடம்," என்றாள். தன் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.