மேற்படி

அந்த ஒரு வாரத்தில் எங்கள் ஊரில் இருந்த எல்லோருக்கும் டாக்டர் பட்டமும் வக்கீல் பட்டமும் சேர்ந்தே கிடைத்திருந்தன. பேருந்தில் ஏறினால் முன்சீட்டில் ஒரு நீதிமன்றம் நடந்தது. முடிவெட்டும் கடையில் இன்னொன்று. காய்கறி நிறுக்கும் அம்மா தராசை அந்தரத்தில் விட்டுவிட்டு எனக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தாள்.

"ரெண்டு பல்லு உடையற அளவுக்கு அடி விழுந்தா கன்னம் இந்நேரம் பூசணிக்காய் மாதிரி இருக்கணும்ல? போட்டோவுல வீக்கமே காணோமே. எல்லாம் நாடகம்மா."

"நீங்க எந்த ஆஸ்பத்திரியில வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன். அதன்பிறகு அரைக்கிலோ வெங்காயத்தில் மூன்று அழுகல் வந்தது. பரவாயில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் கால்பந்துக் கிளப்பின் கோல்கீப்பரை எல்லோரும் 'சுவர்' என்று கூப்பிடுவார்கள். போன வருஷம் இறுதி ஆட்டத்தில் மூன்று பெனால்டியைத் தடுத்தவன். அவன் மனைவி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு வீட்டுச் சமையலறையில் வைத்து அவன் முகத்தில் குத்தினான், இரண்டு பல் உடைந்தது, இது முதல் தடவை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு வயது மகளோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கியது. கடைகளில் முதலாம் எண் போட்ட சட்டை தீர்ந்துபோனது. ரேடியோவில் 'நீங்கள் யாரை நம்புகிறீர்கள்' என்று போன் போட்டு ஓட்டுப்போடச் சொன்னார்கள், என்னவோ பாட்டுக்கு ஓட்டுப்போடுகிற மாதிரி. அந்த அக்கா வீட்டுக் கேட்டில் யாரோ பொம்மைப் பல் செட் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சிரிப்பாம். தெருவில் போனவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒருத்தர் கூட அதை அவிழ்த்துப் போடவில்லை.

நானும் அவிழ்த்துப் போடவில்லை. அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

நான் அந்தக் கிளப்பில் கட்டுப் போடுகிறவள். வீரர்களுக்கு என் பெயர் பிளாஸ்டர் அக்கா. பதினோரு வருஷமாக மைதானத்து கேலரிக்குக் கீழே, படிக்கட்டின் சரிவு தலையில் இடிக்கிற ஓர் அறைதான் என் ராஜ்ஜியம். ரெக்சின் உறை போட்ட உயரமான மேஜை, ஐஸ் பெட்டி, யாரும் தூக்கிப்போகாமல் நூலில் கட்டிய கத்தரிக்கோல், ஆணியில் தொங்கும் ஒரு நீள நோட்டு. யாருக்குக் கட்டுப் போட்டாலும் நோட்டில் எழுத வேண்டும். தேதி, நேரம், பெயர், எந்த இடம், கடைசிக் கட்டத்தில் எப்படி அடிபட்டது.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பயிற்சியில் பட்ட அடிக்கு மட்டும்தான் கிளப் வைத்தியம் பார்க்கும். அதனால் குளியலறையில் வழுக்கியவனும் பயிற்சி, பைக்கிலிருந்து விழுந்தவனும் பயிற்சி. எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இதுல போய் ஆராய்ச்சி பண்ணாதேம்மா." ஆகவே பக்கம் திருப்பியதும் முதல் வரியில் 'பயிற்சியில் அடிபட்டது' என்று எழுதுவேன். கீழே இருக்கிற இருபத்தைந்து வரிக்கும் அப்போதே, ஆள் வருவதற்கு முன்பே, 'மேற்படி' போட்டு வைத்துவிடுவேன். காலையில் டீ ஆறுகிற நேரத்தில் முடிந்துவிடுகிற வேலை. அடி அப்புறம் வரும். காரணம் முதலிலேயே தயாராக இருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளப் மேனேஜர் டிவியில் வந்தார். என் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். அன்று சீக்கிரம் வந்து முதலாம் எண் சட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். என் நோட்டின் ஒரு வரி, பெரிதாக்கி எடுத்த படம்.

'நாலாம் தேதி, காலை 8.10, கோல்கீப்பர், வலது கை விரல் முட்டி, மேற்படி.'

"மேற்படின்னா பயிற்சியில அடிபட்டதுன்னு அர்த்தம்," என்று மேனேஜர் நிருபர்களுக்குப் பாடம் நடத்தினார். "அன்னைக்கு ஏழு மணியிலேருந்து எங்க பையன் மைதானத்துல இருந்தான். ஏழரைக்கு வீட்டுல எப்படி அடிச்சிருப்பான்? பறந்து போயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பொய்ப் புகாருக்கு எதிர் வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். அப்படிப் பொய் சொல்லுகிற தாயிடம் குழந்தை இருக்கக் கூடாது, குழந்தையை அப்பாவிடம் ஒப்படைக்கக் கேட்போம் என்றும் சொன்னார்.

"உன் கையெழுத்து டிவியில வருது, பாரு," என்றார் என் கணவர். அவருக்கு முகமெல்லாம் பல். "உன் நோட்டுதான் அவனைக் காப்பாத்திருக்கு."

அந்த நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை. தனிப்பயிற்சி நாள், யார் எப்போது வந்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. எட்டு மணி தாண்டி அவன் குளித்துச் சீவிய தலையோடு உள்ளே வந்து, வலது கையை மேஜைமேல் நீட்டினான். "பந்தைக் குத்தினேன்க்கா, சரியா படல," என்றான். இரண்டு விரல்களின் முட்டி வீங்கியிருந்தது. வீக்கம் சரி. தோல் கிழிந்திருந்தது, சின்னதாக, கூர்மையாக. கோல்கீப்பர் கையில் கனமான கையுறை போட்டிருப்பான். கையுறைக்குள் இருந்த கையில் தோல் எப்படிக் கிழியும்? எனக்குத் தெரியாததா? பதினோரு வருஷமாகக் கையைப் பார்த்துத்தானே சோறு தின்கிறேன். பார்த்தேன். மருந்து போட்டேன். கட்டுப் போட்டேன். 'மேற்படி' ஏற்கெனவே எழுதியிருந்தது. பெயரை மட்டும் நிரப்பினேன்.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன்.

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

நான் அவர்மேல் பாய்ந்தேன். "சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா? இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு?"

"நமக்கு எதுக்கும்மா வம்பு? பெரிய இடம். வேலை போயிடும். தெருவுல நடமாட முடியாது."

"வம்பு நம்ம வீட்டுக்கு வெளியிலயா இருக்கு? என் கையெழுத்துல இருக்கு. ஒருத்தியோட பிள்ளையைப் புடுங்க என் கையெழுத்தை எடுத்துக் காட்டுறாங்க."

அவர் டிவியை அணைத்தார். சோறு ஆறிப்போனது.

மறுநாள் காலை முதல் வேலையாக மேனேஜர் அறைக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு வணக்கம். வாயிற்காவலர் எழுந்து நின்று, "உங்களாலதான்மா ஊர் மானம் தப்பிச்சுது," என்றார். ஊர் மானத்தை என் நோட்டில் யார் கொண்டுவந்து கட்டினார்களோ தெரியவில்லை.

"சார், அது வழக்கமா எழுதறது," என்றேன். "யார் வந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். உங்களுக்கே தெரியும்."

மேனேஜர் நல்லவர் மாதிரி சிரித்தார். "வழக்கம்தானேம்மா? அப்ப வழக்கமாவே இருக்கட்டும். யாராவது கேட்டா நோட்டுல உள்ளதைச் சொல்லுங்க. அதுக்கு மேல நீங்க எதுக்கு யோசிக்கணும்?"

"அந்தப் பொண்ணுக்குப் பல்லு போயிருக்கு சார்."

"கீழ விழுந்திருப்பா. பொம்பளைங்க ஆயிரம் சொல்லுவாங்க." என்னிடமே இதைச் சொன்னார், மனிதர். கொஞ்சம் கூடக் கூசவில்லை. "நோட்டை முழுசா போலீஸ்ல குடுத்தாச்சு. இனிமே அது உங்க பிரச்சினை இல்ல."

முழு நோட்டையும் கொடுத்துவிட்டார்கள். ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு, மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று கூடப் புரட்டிப் பார்க்காமல் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் காலில் பலம் வந்தது. அறைச் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு நேரே காவல் நிலையத்துக்கு நடந்தேன்.

அங்கே அந்தப் பெண்ணும் அவள் அக்காவும் இன்ஸ்பெக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரும் ஒரு பெண்மணிதான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, என் நோட்டைத் திறந்து வைத்து, இப்படி ஒரு ஆதாரம் இருக்கும்போது புகாரை எப்படி நிற்க வைப்பது என்று அவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கைக்குட்டையால் வாயை மூடியிருந்தாள். காய்கறிக்காரி தேடிய வீக்கம் அங்கேதான் இருந்தது. யாரும் பார்க்காத பக்கம்.

"அந்த நோட்டு நான் எழுதினது மேடம்," என்றேன். "அந்த வரிக்கு மேல் வரியைக் கொஞ்சம் படிங்க."

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "நாலாம் தேதி, காலை 7.40, கிளப் சமையல்காரர், இடது மணிக்கட்டு, மேற்படி."

"அவருக்கு அறுபது வயசு. டீக் கொதிகலன் பட்டுக் கை வெந்துபோச்சு. அவரும் பயிற்சியிலதான் அடிபட்டார்னு எழுதியிருக்கேன். அவர் எந்த இடத்துல விளையாடறார்னு மேனேஜரைக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். இன்னொரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை மேற்படி, மேற்படி, மேற்படி. ஆள் பெயரே எழுதாத கடைசிப் பக்கத்திலும் மேற்படி மட்டும் வரிசையாக நின்றது.

"ஆள் வர்றதுக்கு முன்னாடியே எழுதிடுவீங்களா?"

"ஆமா."

"அப்ப கோல்கீப்பருக்கு எப்படி அடிபட்டதுன்னு உங்களுக்குத் தெரியாது."

இந்த இடத்தில் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த வரி செத்திருக்கும், நான் பிழைத்திருப்பேன். "தெரியும்," என்றேன். கிழிந்த தோலைப் பற்றிச் சொன்னேன். கையுறையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அவன் முன்கையில் மூன்று நகக்கீறலோடு வந்து "வீட்டுல ஒரு பூனை இருக்குக்கா," என்றதையும், நானும் சேர்ந்து சிரித்ததையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் கைக்குட்டையை எடுத்தாள். பேச்சு குழறி வந்தது.

"அக்கா, நான் ஒரு நாள் உங்ககிட்ட வந்தேனே. பாப்பாவுக்கு முழங்கால்ல அடின்னு கட்டுத்துணி கேட்டேன். அகலமா இருக்கறது வேணும்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நாலு வயதுக் குழந்தையின் முழங்காலுக்குச் சாண் அகலத் துணி எதற்கு? அது விலா எலும்புக்குப் போடுகிற கட்டு. மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். "பாப்பாவைப் பத்திரமாப் பார்த்துக்கம்மா," என்று வேறு சொன்னேன்.

"அதை நோட்டுல எழுதினீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

வெளியாளுக்குக் கிளப் சாமான் கொடுக்கக் கூடாது. ஆகவே எழுதியிருந்தேன், ஆனால் அவள் பெயரில் இல்லை. இன்ஸ்பெக்டர் விரலை ஓட்டிக்கொண்டே போய்க் கண்டுபிடித்து, சத்தமாகவே படித்தார். "கோல்கீப்பர், விலா, அகலக் கட்டு ஒன்று, மேற்படி."

கணவன் உடைத்த விலாவை அந்தக் கணவனின் பயிற்சியாகவே எழுதி வைத்திருக்கிறேன். விலா என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். முழங்கால் என்று கூட எழுதவில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள். ஊர் முழுக்க வாய்க்கு வந்தபடி பேசியதில் எதுவும் எனக்கு இப்படி உறைக்கவில்லை. அந்த ஊரில் முதல் ஆள் நான்தான். அவர்கள் அந்த வாரம்தான் அவளை நம்ப மறுத்தார்கள். நான் மாதக்கணக்கில் தெரிந்துகொண்டே மறுத்திருக்கிறேன்.

"தெரியும்மா," என்றேன். "எழுதிக் குடுக்கறேன். கோர்ட்டுலயும் வந்து சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் எழுத்தரைக் கூப்பிட்டார். பேனா காதில் செருகிய, வேலை முடிந்தால் போதும் என்கிற முகமுள்ள மனிதர். ஜன்னலுக்கு வெளியே அதற்குள் நாலைந்து முதலாம் எண் சட்டைகள் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் எனக்கு வணக்கம் சொன்னவர்களாகத்தான் இருக்கும். "எவ்வளவு வாங்கினாளோ," என்று ஒரு குரல் கேட்டது. எழுத்தர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்று தேதிகள். முதல் தேதிக்கு நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நகக்கீறல், எந்தக் கை, எத்தனை கோடு. கடைசியில்: 'இது பயிற்சியில் ஏற்பட்டது அல்ல. எனக்குத் தெரியும். தெரிந்தே பொய்யாக எழுதினேன்.'

இரண்டாம் தேதி, விலாக் கட்டு. அதன் கடைசிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"கடைசி மூணு வரி மூணு தேதிக்கும் ஒண்ணுதானேம்மா? இங்க மேற்படின்னு போட்டுக்கறேன்."

அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"வேணாம் சார்," என்றேன். "மூணு தடவையும் முழுசா எழுதுங்க."